ஓவர்ஃப்ளோ பாட்டில்: மூன்று வருஷம், மூன்று பாட்டில்

பழைய லாரி ஒன்றை வாங்கியிருக்கும் நண்பர் நேற்று போன் செய்தார். "உங்க வண்டியில ரேடியேட்டர் பக்கத்துல ஒரு பாட்டில் கட்டியிருக்கீங்களே, அது நிஜமாவே வேலை செய்யுதா? நானும் கட்டிடவா?" அவர் கேட்ட நேரம் சரியில்லை. காலையில்தான் இரண்டாவது பாட்டில் பிராக்கெட் ஓரத்தில் விரிசல் விட்டு, சேசிஸ் முழுக்கக் கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வழிந்திருந்தது. அதைத் துடைத்த துணி கையில் இருக்கும்போதே போன் வந்தது. அப்போது சொன்ன பதில் கொஞ்சம் காரமாகிவிட்டதால் இங்கே நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

என் வண்டி அந்தக் காலத்து வண்டி. ரேடியேட்டர் கழுத்திலிருந்து ஒரு சின்ன டியூப் கீழே இறங்கும், அதோடு சரி. சூடானால் கூலன்ட் விரியும், மிஞ்சியது தரையில் கொட்டும். மொத்தம் 14 லிட்டர் பிடிக்கும் வண்டியில் சூட்டில் ஏறக்குறைய அரை லிட்டருக்கு மேல் விரிகிறது. அந்த அளவு மேலே காலி இடம் விட்டுவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். நமக்குத்தான் கை சும்மா இருக்காது. காலையில் மூடியைத் திறப்போம், "ஐயோ குறைஞ்சிருக்கே" என்று வாய் வரை ஊற்றுவோம், மாலைக்குள் அது மறுபடி வெளியே தள்ளிவிடும். பல வருஷம் இந்தக் கூத்துதான். ஒரு நாள் வண்டிக்கு அடியில் கிடந்த பச்சைக் குட்டையை ஒரு நாய் நக்கப் போனது. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாய்க்கு அது விஷம். விரட்டிவிட்டு, சூட்டில் மிஞ்சுவதைப் பிடித்துவைத்து ஆறும்போது ரேடியேட்டருக்கே திருப்பிக் கொடுக்க அன்றைக்கே பாட்டில் கட்டினேன்.

முதல் பாட்டில் குடிதண்ணீர் பாட்டில். இரண்டே வாரத்தில் சூட்டில் குறுகி, வாழைப்பழத் தோல் மாதிரி சுருங்கிவிட்டது. அது என் முட்டாள்தனம், விட்டுவிடலாம். அடுத்தது கெட்டியான வெள்ளை பிளாஸ்டிக் கேன். வெளியிலிருந்தே மட்டம் தெரியும். மூடியில் இரண்டு ஓட்டை: ஒன்று காற்றுக்கு, இன்னொன்று டியூபுக்கு. டியூபின் முனை அடிமட்டம் வரை போய்க் கூலன்ட்டில் முங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பும்போது காற்றைத்தான் இழுக்கும். இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன்.

ஆனால் போனது திரும்பி வரவில்லை. சூட்டில் பாட்டிலுக்குப் போகும், ஆறினால் அங்கேயே உட்கார்ந்திருக்கும். பாட்டிலில் தினம் ஒரு விரற்கடை ஏறும், ரேடியேட்டரில் அதே அளவு இறங்கும். டியூபை மாற்றினேன், பாட்டிலை உயர்த்திப் பார்த்தேன், தாழ்த்திப் பார்த்தேன். மூன்று மாதம் இப்படியே ஓடியது. கடைசியில் ரேடியேட்டர் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் விளங்கியது. பழைய மூடியில் அடியில் மட்டும்தான் ரப்பர். மேல் விளிம்பில் வெறும் தகடு. முன்பு டியூப் தரையைப் பார்த்துத் தொங்கியதால் மேலே ரப்பர் தேவைப்படவில்லை. இப்போது இஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. மேல் விளிம்பிலேயே காற்றுக்கு வழி திறந்து கிடக்கும்போது, அது எதற்குப் பாட்டில் வரை போய்க் கூலன்ட்டை இழுக்க வேண்டும்?

இரண்டு ரப்பர் உள்ள மூடி போட்டேன். மூடி உள்ளே பிடித்துவைக்கும் அழுத்தம் பழைய அதே 7 பி.எஸ்.ஐ. தான். 15 போட்டால் கொதிநிலை இன்னும் ஏறுமே என்று ஒருவர் சொன்னார். ஏறும்தான். 7-இலேயே வெறும் தண்ணீர்கூட 111 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும், எனக்கு அது போதும். ஈயம் பற்றவைத்த கிழட்டு ரேடியேட்டரில் அழுத்தத்தைக் கூட்டினால் எந்த மூலையில் பிய்த்துக்கொள்ளுமோ. அப்புறமும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. கழுத்து முனையில் டியூபுக்குக் கிளிப் போடாமல் விட்டிருந்தேன். கூலன்ட் ஒரு சொட்டுகூட ஒழுகாத அந்த இடத்தில் காற்று மட்டும் தாராளமாகப் புகுந்திருக்கிறது. கிளிப்பை முடுக்கினேன்.

மறுநாள் காலை பானெட்டைத் தூக்கினால், முந்தின நாள் ராத்திரி கேனில் பென்சிலால் போட்டிருந்த மேல் கோட்டில் நின்ற கூலன்ட் கீழ்க் கோட்டுக்கு வந்திருந்தது. ரேடியேட்டர் வாய் வரை நிறைந்திருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பென்சில் கோட்டை மூன்று வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. சூடான மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொள்ளும் வேலையே இல்லை. உள்ளே காற்று நிற்காததால் துருவும் குறைந்திருக்கிறது, கூலன்ட்டின் நிறமே சொல்கிறது. போன வருஷம் வாட்டர் பம்ப் ஒழுக ஆரம்பித்ததையும் தரையில் ஒரு சொட்டு விழுமுன்னே இந்தக் கோடுதான் காட்டிக்கொடுத்தது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு நண்பருக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "கட்டாதீங்க." காலி இடம் விட்டு ஓட்டப் பொறுமை இருப்பவருக்கு இது தேவையே இல்லை. கட்டியே தீருவேன் என்றால் கையால் செய்யாமல், உடைப்புக்குப் போன வண்டியிலிருந்து கழற்றிய பாட்டிலைப் போடுங்கள். அது சூட்டுக்கும் குலுங்கலுக்கும் என்றே வார்த்தது. என் கேனை இரும்புப் பட்டையில் இறுக்கினால் வெடிக்கிறது, தளர்த்தினால் மேடு பள்ளத்தில் கடகடவென்று தாளம் போடுகிறது.

மூன்றாவதும் கேன்தான். இந்த முறை பட்டைக்கு அடியில் பழைய டியூபைக் கீறி மெத்தை மாதிரி வைத்திருக்கிறேன். இஞ்சின் இப்போதுதான் ஆறுகிறது, கோடு காலையில்தான் தெரியும்.