ஓடாத பழைய பைக்கை விற்பது: எடைக்கா, பாகம் பாகமாகவா, சரிசெய்தா, இருந்தபடியேவா?

வடசென்னையில் ஓடாமல் நிற்கும் பழைய பைக்குகளுக்குக் குறைவே இல்லை. 1955-ஆம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிய பிறகு, பல பத்தாண்டுகள் புல்லட் திருவொற்றியூரில்தான் உருவாயிற்று. ஆகவே காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது உறவினரோ பக்கத்து வீட்டுக்காரரோ வேலை பார்த்த ஆலையின் வண்டி. மைசூரில் ஐடியல் ஜாவா தயாரித்த ஜாவாவும் யெஸ்டியும், எஸ்கார்ட்ஸ் தயாரித்த ராஜ்தூத்தும் யமஹா ஆர்.எக்ஸ். 100-உம் அதேபோல மாடிப்படிக்கு அடியிலும் சந்து ஓரத்திலும் தார்ப்பாய் போர்த்தி நிற்கின்றன. இனி வைத்திருக்க முடியாது, விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தவருக்கு நான்கு வழிகள் உண்டு: காயலான் கடையில் எடைக்குப் போடலாம், பிரித்துப் பாகங்களாக விற்கலாம், செலவு செய்து ஓட வைத்து விற்கலாம், அல்லது ஓடாத வண்டி என்று சொல்லியே, அதைச் சீரமைக்க விரும்புகிறவரிடம் இருந்தபடியே கொடுக்கலாம். வண்டி முழுமையாகவும் ஆர்.சி. கையிலும் இருக்கும்வரை நான்காவது வழியே மேல் என்பது என் உறுதியான கருத்து.

எடைக்குப் போடுவதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதில் பேச அதிகம் இல்லை. பழைய புல்லட் 350 சுமார் 160 கிலோ எடை உள்ளது. இரும்பு கிலோ முப்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,800 ரூபாய் வரும். எஞ்சினில் உள்ள அலுமினியத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அந்த வண்டியின் பெட்ரோல் டேங்கும் ஹெட்லைட் கூடும் மட்டுமே, நசுங்காத ஒரிஜினலாக இருந்தால், தேடுகிறவரிடம் இதைவிட அதிக மதிப்புப் பெறக்கூடும். பணத்தைவிடப் பெரிய சிக்கல் வேறு ஒன்று உள்ளது. காயலான் கடைக்குப் போன வண்டியின் பதிவு, உரிமையாளர் ரத்து செய்யும்வரை அவர் பெயரிலேயே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, வண்டி அழிந்தாலோ நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ 14 நாள்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் ஒப்படைப்புச் சான்றிதழ் தருகின்றன. தெருமுனைக் கடை தருவதில்லை. சட்டகமே (ஃபிரேம்) துருவில் அரித்துப்போன வண்டிக்கு மட்டுமே இந்த வழி பொருந்தும், அப்போதும் சான்றிதழ் தரும் இடத்துக்குப் போவதே நல்லது.

பிரித்து விற்பதில், கணக்கு வண்டிக்கு வண்டி மாறும். வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் ஏறத்தாழ அதே அமைப்பில் நெடுங்காலம் தயாரானதால், அதன் உட்பாகங்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. பழைய பிஸ்டனுக்கும் கியருக்கும் யாரும் கூடுதல் விலை தரப்போவதில்லை. யெஸ்டி தயாரிப்பு 1996-இல் நின்றுபோயிற்று. ராஜ்தூத் 350 அதற்கும் முன்பே நின்றது, விற்ற எண்ணிக்கையும் குறைவு. இவற்றின் ஒரிஜினல் ஸ்பீடோமீட்டர், பக்கவாட்டுப் பெட்டி, கார்புரேட்டர் ஆகியவற்றுக்கு உண்மையான தேவை இருக்கிறது. ஆகையால் யெஸ்டியையும் ராஜ்தூத் 350-ஐயும் பிரித்தால் கூட்டுத்தொகை, முழு வண்டியின் விலையைத் தாண்டிப்போக வாய்ப்பு உண்டு. ஆனால் நல்ல பாகங்கள் முதல் மாதத்திலேயே போய்விடும், மிச்சமுள்ளவை மூட்டையாக வீட்டிலேயே கிடக்கும். கடைசியில் எண் பொறித்த சட்டகமும் ஒரு ஆர்.சி.யும் மிஞ்சும். அவற்றைச் சேர்த்து ஒருவரிடம் கொடுப்பது ஆபத்தானது; திருட்டு வண்டிக்கு உயிருள்ள பதிவெண்ணை மாட்டுகிறவர்கள் தேடுவது அதைத்தான். அதோடு, முழுதாக நிற்கும் ஒரு யெஸ்டியைப் பிரிப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒருமுறை பிரிந்து பத்து வீடுகளுக்குப் போன வண்டி மறுபடி ஒன்று சேர்வதில்லை.

மூன்றாவது வழிதான் பெரும்பாலோரை ஈர்க்கிறது, பெரும்பாலோர் பணத்தை இழப்பதும் அதில்தான். "ஓடினால் இரண்டு மடங்கு கிடைக்கும்" என்று மெக்கானிக் சொல்வது பொய் அல்ல. ஓடும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவை அவர் முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதே பிரச்சினை. பல ஆண்டுகள் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவேறி ஒட்டிக்கொள்கிறது. கிக்கரை உதைத்தே அதை விடுவிக்கப் பார்த்தால் ரிங் உடையும், கிக்கர் பல் தேயும். புல்லட்டில் எண்ணெய் தேக்கத்திலிருந்து கிராங்க் அறைக்குள் மெல்லக் கசிந்து இறங்கியிருக்கும். யெஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் கிராங்க் சீல்கள் காய்ந்து வெடித்திருக்கும்; எஞ்சின் ஒருநாள் ஓடிக் காட்டினாலும் அந்த வெடிப்பு வழியாகக் காற்றை இழுத்து மறுபடி படுத்துக்கொள்ளும். காசிமேடு, எண்ணூர் பக்கத்தில் கடற்காற்று வேறு ஸ்போக், ரிம், குரோம் எதையும் விட்டுவைப்பதில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் முழுகிய வண்டி என்றால், எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்ததா என்பது பிரித்தால்தான் தெரியும். பிரித்த பிறகு ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைவது), கிராங்க், வயரிங், டயர் என்று ஒவ்வொன்றாகச் சேரும்; பாதியில் நிறுத்தவும் முடியாது, ஏனென்றால் பெட்டியில் போட்ட எஞ்சினோடு நிற்கும் வண்டிக்கு, தொடாமல் விட்ட வண்டியைவிடக் குறைந்த விலையே கிடைக்கும்.

பெயின்ட் அடித்து விற்பது இதைவிடத் தவறானது. சீரமைக்க வாங்குகிறவர் தனக்குப் பிடித்தபடி, தயாரித்த ஆண்டுக்குப் பொருந்தும் நிறத்தில், தானே அடித்துக்கொள்வார். மங்கிய பழைய பெயின்டும், டேங்கில் பாதி அழிந்த கோடும் அவருக்குச் சான்று. புதுப் பெயின்ட் அவருக்குச் சந்தேகம், அடியில் எவ்வளவு பட்டி பூசியிருக்கிறதோ என்று. இந்த வழி சரியாகும் இடம் ஒன்று உண்டு: வண்டி நின்று ஓராண்டு ஈராண்டுதான் ஆகிறது, கோளாறு கார்புரேட்டரிலோ, தீப்பொறி வரவைக்கும் பாயின்டிலோ, பேட்டரியிலோ மட்டும் இருக்கிறது என்றால், ஒரு நாள் வேலையில் உயிர் வந்துவிடும். ஆர்.எக்ஸ். 100-க்கு, அன்றாடம் ஓட்டுவதற்கென்றே இன்னமும் ஆள் இருப்பதால், அந்தச் சிறு செலவு நிச்சயம் திரும்பும்.

இருந்தபடியே விற்பதில், வாங்க வருகிறவர் யார் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. பேட்டை மெக்கானிக் உடனே பணம் தருவார், ஆனால் தன் உழைப்பையும் லாபத்தையும் கழித்துவிட்டே விலை சொல்வார். புரோக்கர் அவரைவிடக் குறைத்துக் கேட்பார், பேப்பரையும் தன் பெயருக்கு மாற்றமாட்டார். தனக்கென்று ஒன்றைச் சீரமைக்கத் தேடும் ஆர்வலர் தாமதமாகத்தான் வருவார், ஆயிரம் கேள்வி கேட்பார், இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவார். ஆனால் நியாயமான விலை தருபவர் அவரே. பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக் கடைகளில் நாள்கணக்கில் அலைந்தும் கிடைக்காத ஒரு பாகம் உங்கள் வண்டியில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

அவருக்காகச் செய்யவேண்டியது மிகக் குறைவு. வண்டியிலிருந்து கழன்ற எதையும், உடைந்த ஆம்பியர் மீட்டராயினும் வளைந்த மட்கார்டாயினும், தேடி எடுத்து ஒரே பெட்டியில் வையுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துளைக்குள் சிறிது எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவிட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். நகர்ந்தால் "எஞ்சின் ஜாம் ஆகவில்லை" என்று தைரியமாகச் சொல்லலாம். அந்த ஒரு சொல்லுக்கே விலை உண்டு. நகராவிட்டால் அப்படியே விட்டுவிட்டு, ஜாம் என்று சொல்லிவிடுங்கள். டேங்கின் உட்புறத்தை டார்ச் அடித்துப் படமெடுங்கள், துரு தெரிந்தாலும் பரவாயில்லை. சட்டகத்தின் ஸ்டீரிங் தலையில் உள்ள எண்மேல் வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலால் மெதுவாகத் தேய்த்துத் தடம் எடுங்கள். எஞ்சின் எண்ணுக்கும் அப்படியே செய்யுங்கள். இரண்டும் ஆர்.சி.யில் உள்ள எண்களோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தினால், வண்டிக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காமலே அதன் மதிப்பு ஏறிவிட்டது. எண்களை வெளியாருக்குப் படமாக அனுப்பாமல், நேரில் வருகிறவருக்கு மட்டும் காட்டுவது பாதுகாப்பு.

இனிப் பேப்பர். செலவழிக்க மனம் இருந்தால் செலவழிக்கவேண்டிய இடம் இதுதான். 1989-க்கு முந்தைய மூன்றெழுத்துப் பதிவெண் வண்டிகளின் புத்தக ஆர்.சி. பல, வாகன் என்னும் அரசின் வாகனப் பதிவு இணையதளத்தில் ஏறாமலே இருக்கின்றன. முதலில் அதைச் சரிபார்த்து, இல்லையென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்றச் சொல்ல வேண்டும். ஆர்.சி. தொலைந்திருந்தால், காவல்துறையிடம் தொலைந்த ஆவண அறிக்கை பெற்றுப் படிவம் 26-இல் நகல் கேட்கலாம். உரிமையாளர் இறந்துவிட்டால், வாரிசுகள் படிவம் 31 வழியாக ஒருவர் பெயருக்கு மாற்றியபின் விற்பதே முறை. அண்ணன் தம்பிக்குள் ஒப்புதல் கையெழுத்து வாங்காமல் முன்பணம் வாங்கிவிடக் கூடாது.

ஓடாத வண்டிக்கே உரிய முட்டுக்கட்டை ஒன்று உள்ளது. சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும்; அதற்கு மோட்டார் வாகன ஆய்வாளர் முன் வண்டி நிற்க வேண்டும். ஓடாத வண்டி ஆய்வில் தேறாது, புதுப்பிக்காத வண்டிக்குப் பெயர் மாற்றம் நடப்பதும் கடினம். எனவே வாங்குகிறவர் சீரமைத்து முடிக்கும்வரை பதிவு விற்றவர் பெயரிலேயே இருக்க நேரிடும். இது அற்பமான விஷயம் அல்ல. 2018-இல் உச்ச நீதிமன்றம், வண்டி கைமாறியிருந்தாலும் பதிவில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. ஆகவே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பிக் கையெழுத்திட்டு, விற்ற செய்தியைச் சட்டப்படி 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவியுங்கள். ஒப்படைத்த தேதியும் நேரமும் "ஓடாத நிலையில்" என்ற சொல்லும் உள்ள டெலிவரி லெட்டரில் இருவரும் கையெழுத்திட்டு, வாங்குபவரின் அடையாள அட்டை நகலை வாங்கி வையுங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போக விடாமல், குட்டியானையில் ஏற்றி அனுப்புங்கள். இத்தனைக்கும் தயங்கும் ஆளுக்கு, எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தாலும் விற்க வேண்டாம்.

வண்டிக்கு 50 வயது கடந்துவிட்டால் விலைப் பேச்சில் உங்கள் கை ஓங்கும். 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட விதிகள், ஒரிஜினல் நிலையில் பேணப்படும் அத்தகைய வண்டிகளை விண்டேஜ் எனத் தனியாகப் பதிய வழிசெய்கின்றன. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எஞ்சினையோ சட்டகத்தையோ பெரிதாக மாற்றியிருந்தால் அந்தத் தகுதி போய்விடும். அறுபதுகளின் புல்லட்டில் புது ஃபோர்க்கும் டிஸ்க் பிரேக்கும் மாட்டி "மாடர்ன்" ஆக்கித் தருவதாகச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஆர்.சி. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை, பதிவெண்ணும் யாருக்கும் நினைவில் இல்லை, அலுவலகப் பதிவேட்டிலும் தடம் இல்லை என்ற நிலை வந்தால் மட்டும் என் வரிசை தலைகீழாகிவிடும். அந்த வண்டியை முழு வண்டி என்று விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். அப்போது டேங்க், எஞ்சின் பாகங்கள், மீட்டர் ஆகியவற்றை பாகங்கள் என்று சொல்லியே விற்றுவிட்டு, எண் பொறித்த சட்டகத்தை யார் கையிலும் கொடுக்காமல், பதிவுபெற்ற உடைப்பு நிலையத்தை நேரில் அணுகி, என்ன சான்று கொடுத்தால் ஏற்பார்கள் என்று கேட்டு ஒப்படைப்பதே சரி.