தானாக நகரும் புல்வெட்டி: பல கோடைகள் ஓட்டிய பிறகு

டொராண்டோவுக்குக் கிழக்கே, ஏஜாக்ஸில் எங்கள் வீடு. முன்வளவு சமதரை, பின்வளவு வேலியை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவுக்காகவே பழைய தள்ளு இயந்திரத்தை விட்டுவிட்டு, தானாக நகரும் பெட்ரோல் புல்வெட்டிக்கு மாறினோம். 21 அங்குல வெட்டு அகலம், பின்சக்கர இயக்கம், பின்னால் மாட்டும் பை. பையைக் கழற்றிவிட்டால் வெட்டிய புல்லைப் பொடியாக்கி மண்ணிலேயே விட்டுவிடும் மல்ச்சிங் வசதியும் உண்டு. பல கோடைகளாக இதைத்தான் ஓட்டுகிறேன். எந்த நிறுவனத்தின் இயந்திரம் என்று எழுதப்போவதில்லை. நான் சொல்ல வருவது இந்த வகையைச் சேர்ந்த எல்லாவற்றுக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

இந்த இயந்திரத்தில் இரண்டு இயக்கங்கள் இருக்கின்றன. கீழே பிளேடு சுற்றுகிறது; பின்னால் சக்கரம் உருள்கிறது. இரண்டுக்கும் ஒரே இன்ஜின்தான், ஆனால் கைப்பிடியில் கட்டுப்பாடுகள் வேறு வேறு. தள்ளுகிற வேலை குறைந்துவிட்டதால், பிளேடும் ஏதோ சாதுவாகிவிட்டது என்ற எண்ணம் நம்மை அறியாமல் வந்துவிடுகிறது. நான் பார்த்த ஆபத்துகளில் பெரும்பாலானவை இந்தக் குழப்பத்திலிருந்தே பிறந்தவை. பழுதுகளும் அப்படித்தான்.

கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கும் வளைகம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை விட்டவுடன் பிளேடு நிற்க வேண்டும். அமெரிக்காவில் 1982 முதல் நடைமுறையில் இருக்கும் பாதுகாப்பு விதி, கையை எடுத்த 3 விநாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்கிறது. இங்கே கனடாவில் கடைகளில் கிடைக்கும் இயந்திரங்களிலும் அதே வளைகம்பிதான். எங்கள் தெருவில் ஒரு தம்பி அதைக் கைப்பிடியோடு நைலான் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். "பிடித்துக்கொண்டே இருந்தால் கை மரத்துப் போகிறது அண்ணா" என்றார். "தம்பி, இது பிரேக். நீங்கள் சரிவில் வழுக்கி விழுந்தாலும் இயந்திரம் பிளேடைச் சுற்றிக்கொண்டே போகும்" என்று சொல்லி, முதலில் கயிற்றை அறுக்கச் சொன்னேன்.

பிறகு கை ஏன் மரத்துப் போகிறது என்று பார்த்தோம். இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைச் சாய்த்தால், பிளேடின் ஒரு முனையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு உலோகம் உடைந்து போயிருந்தது. ஒரு பக்கம் எடை குறைந்த பிளேடு நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றும்போது வரும் அதிர்வு முழுவதும் கைப்பிடிக்குத்தான் ஏறுகிறது. புது பிளேடு போட்ட பிறகு அவருக்குக் கை மரக்கவில்லை. கயிற்றால் மறைக்கப்பட்டிருந்தது ஒரு பழுது. அதிர்வு கூடினால் அது இயந்திரம் தரும் முதல் எச்சரிக்கை. பொறுத்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்து.

அந்த 3,000 சுற்று என்பது என்ன வேகம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 21 அங்குல பிளேடின் நுனி மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதில் ஒரு கூழாங்கல் பட்டால் எங்கே போகும், யார்மேல் படும் என்று யாரும் சொல்ல முடியாது. பின்பக்கம் தொங்கும் ரப்பர் மடிப்பு இதற்காகத்தான் இருக்கிறது. கிழிந்துவிட்டது, இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைக் கழற்றி எறிபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதற்குப் பின்னால் நடப்பது அவர்களுடைய கால்தானே.

இங்குள்ளவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, வசந்தத்தின் முதல் வெட்டு. பனிக்காலம் முழுவதும் நடைபாதையையும் தெருவையும் வழிக்கும் வண்டிகள் பனியோடு சரளைக்கல்லையும் சேர்த்து ஓரத்துப் புல்லில் தள்ளிவிட்டுப் போகின்றன. பனி உருகியதும் கல் புல்லுக்குள் அமிழ்ந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். மே மாதம் இயந்திரத்தை வெளியே எடுப்பதற்கு முன்னால், நடைபாதை ஓரத்தை இரும்பு வாரியால் நன்றாக வாரிவிடுவேன். தண்ணீர்க் குழாயை மூடும் வால்வின் மூடி முன்வளவில் எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உறைபனியில் மண் உப்பி இறங்குவதால் அது சில வருடங்களில் ஓர் அங்குலம் மேலே நிற்கும்.

அப்படிப்பட்ட இரும்பிலோ மரக்கட்டையிலோ பிளேடு மோதினால் என்ன நடக்கும்? பெரும்பாலான இயந்திரங்களில் பிளேடு இன்ஜினின் தண்டிலேயே நேராகப் பொருத்தப்பட்டிருக்கிறது. அடி பிளேடோடு நிற்காது. மேலே ஃபிளைவீல் என்ற கனமான சுழல்சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சிறிய சாவித்துண்டு நசுங்கலாம். அது நசுங்கினால் தீப்பொறி விழும் நேரம் மாறிவிடும். தெரிந்தவர் ஒருவர் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் மோதிய பிறகு, இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தால் அது கையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போகிறது என்றார். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரை மாற்றினார், பிளக்கை மாற்றினார். கடைசியில் கோளாறு அந்தச் சிறு துண்டில்தான் இருந்தது. எதிலாவது மோதினால் உடனே நிறுத்தி, பிளக் தொப்பியைக் கழற்றி, பிளேடு வளைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மறுபடி கிளப்ப வேண்டும்.

இனி சக்கரம். இயக்கக் கம்பியை அழுத்தியதும் இயந்திரம் தானாக முன்னே போகிறது. வேகத்தை நம் நடைக்கு ஏற்ப வைத்துக்கொள்ள வேண்டும். என் மகன் ஓட்டிய வேகத்தை மாற்றாமல் என் மாமனார் எடுத்தால், இயந்திரம் அவரை இழுத்துக்கொண்டு ஓடும். திரும்பும் இடத்தில் இயக்கத்தை விட்டு, கைப்பிடியைச் சற்று அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும். கார் நிற்கும் இடத்தையோ பூப்பாத்தியையோ நெருங்கும்போது அதன் இழுப்பில் போகக்கூடாது.

பின்னால் இழுப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இயக்கத்தை விட்ட பிறகும், பல இயந்திரங்களின் பின்சக்கரத்துக்குள் இருக்கும் கொக்கி உடனே விடுபடாது. அப்படியே பின்னால் இழுத்தால் சக்கரம் இறுகிக்கொள்கிறது. ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வெடுக்கென்று இழுப்பார்கள். அது சட்டென்று விடுபட்டுக் காலை நோக்கி வரும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓர் அங்குலம் முன்னே தள்ளுங்கள். உள்ளே "டிக்" என்று கொக்கி விழும் சத்தம் கேட்கும். பிறகு விரலால் இழுத்தாலே பின்னால் வரும். ஆனாலும் பிளேடு சுற்றும்போது பின்னால் இழுத்து வெட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கால் மாட்டுவது அப்போதுதான். இந்த வெயில் காலத்தில் செருப்போடு புல் வெட்டும் நம் ஆட்கள் எத்தனை பேர்! மூடிய, அடி வழுக்காத சப்பாத்து இல்லாமல் இந்த இயந்திரத்தின் பின்னால் நிற்கக்கூடாது.

சரிவில் குறுக்காகத்தான் நடக்க வேண்டும். மேலிருந்து கீழே ஓட்டினால் இயந்திரம் நம்மை இழுக்கும். கீழிருந்து மேலே ஏற்றினால் வழுக்கும்போது அது நம்மேல் வரும். கையேடுகள் பலவும் 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் வெட்டாதே என்கின்றன. எங்கள் வேலியோரம் அதைவிடச் செங்குத்தான ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் புல்லை எடுத்துவிட்டுத் தரையோடு படரும் செடிகளை நட்டுவிட்டோம். ஈரப்புல்லில் பின்சக்கரம் பிடி இழந்து வழுக்குவதால், மழை பெய்த அன்று நான் வெட்டுவதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. இயந்திரம் ஓடும்போது அவர்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இந்த வகை இயந்திரத்தை ஓட்டக் குறைந்தது 12 வயது ஆக வேண்டும் என்கிறது. என் மகனுக்கு அந்த வயது தாண்டிய பிறகுதான் கற்றுக்கொடுத்தேன். அதிலும் முதலில் கற்றுக்கொடுத்தது நிறுத்துவது.

எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் 2009 முதல் வீட்டுப் புல்தரைக்கு வழக்கமான ரசாயனக் களைக்கொல்லிகளைத் தெளிக்கத் தடை இருக்கிறது. அதனால் டேன்டலியன் போன்ற களைகளோடு மோத நம் கையில் இருக்கும் முக்கியமான கருவி வெட்டும் உயரம்தான். 3 அங்குலத்தில் வைத்து வெட்டினால் புல் நிழல் கட்டி, களை விதை முளைப்பது குறைகிறது. ஜூலை வெயிலிலும் வேர் தாங்குகிறது. ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. ஊருக்குப் போய்வந்து புல் காடாக நின்றால், உயரத்தைக் கூட்டி ஒருமுறை, சில நாள் கழித்துக் குறைத்து ஒருமுறை என்று வெட்டுவேன். அப்படிச் செய்தால் இன்ஜினும் திணறாது, அடியில் புல்லும் அடைக்காது.

பிளேடு மழுங்கியதா என்று தெரிந்துகொள்ள இயந்திரத்தைத் தொடவே வேண்டாம். வெட்டிய மறுநாள் குனிந்து ஒரு புல்லிதழைக் கிள்ளி எடுத்துப் பாருங்கள். நுனி கத்தியால் நறுக்கியது போல நேராக இருந்தால் சரி. நார் நாராகக் கிழிந்து, வெளுத்துப் பழுப்பாகிக் கிடந்தால் பிளேடு புல்லை வெட்டாமல் பிய்த்திருக்கிறது. ஏறத்தாழ 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை தீட்டினால் போதும்.

கழற்றும் முறை இது. பிளக் தொப்பியை எடுத்து ஒதுக்கிக் கட்டிவிட வேண்டும். பிளேடைக் கையால் திருப்பினாலே சில சமயம் இன்ஜின் கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றிவிடும். பெட்ரோல் வால்வை மூடி, ஏர் ஃபில்டரும் கார்பரேட்டரும் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில், ஏர் ஃபில்டருக்குள் இறங்கும். அடுத்த முறை வெள்ளைப் புகை கக்கும். தடித்த கையுறை போட்டு, பிளேடுக்கும் அதை மூடியிருக்கும் ஓட்டுக்கும் இடையில் ஒரு மரத்துண்டைச் செருகி போல்ட்டைக் கழற்றலாம். அரத்தால் பழைய சாய்வுக்கே ராவி, நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் கனம் என்று தெரியும். கனமான பக்கத்தில் இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும். மாட்டும்போது போல்ட்டைக் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்குகிறேன். குத்துமதிப்பு இங்கே ஆகாது.

சக்கர இயக்கத்தின் பராமரிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு பருவத்தின் நடுவில் எங்கள் இயந்திரம் சரிவில் ஏற மறுத்தது. பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கியர்பெட்டி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன விலை புது இயந்திரத்தில் பாதி. வீட்டுக்குக் கொண்டுவந்து பின்சக்கரங்களைக் கழற்றினேன். பல்சக்கரத்தைச் சுற்றிப் பச்சைக் களிமண் மாதிரி புல்லும் கிரீஸும் இறுகிப் போய், கொக்கி அசையவே இடமில்லாமல் இருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷால் சுரண்டித் துடைத்து, இயக்கக் கேபிளின் தளர்ச்சியையும் எடுத்துவிட்டதும் ஏறியது. இப்போது வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறேன். இடது, வலது பல்சக்கரங்கள் மாறிவிடாமல் ஒவ்வொரு பக்கமாகக் கழற்றுவது நல்லது. பல மாடல்களில் மாற்றிப் போட்டால் சக்கரம் இழுக்காது. சுத்தம் செய்த பிறகும் வழுக்கினால் அடுத்து பார்க்க வேண்டியது பெல்ட். கியர்பெட்டி கடைசி.

ஆயில் 10W-30, அரை லிட்டரைச் சுற்றித்தான் பிடிக்கும். ஆயில் ஃபில்டர் இல்லாத இன்ஜின் என்பதால் வருடா வருடம் மாற்றுவதைத் தள்ளிப்போடக்கூடாது. காகித ஏர் ஃபில்டரைத் தட்டித் தூசி எடுக்கலாம், எண்ணெய் விடக்கூடாது. பெட்ரோலை எப்போதும் வெளியே வைத்து, இன்ஜின் ஆறிய பிறகுதான் ஊற்றுகிறேன்.

இயந்திரம் கிளம்பவில்லை என்று வசந்தத்தில் கேட்கும் புலம்பல்களுக்குப் பெரும்பாலும் காரணம் பழைய பெட்ரோல். 10 சதவீதம்வரை எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் கார்பரேட்டரில் கிடந்தால் நுண்துளைகளை அடைத்துவிடும். அக்டோபர் கடைசி வெட்டு முடிந்ததும், வெளியே நிறுத்தி வால்வை மூடி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓட விடுகிறேன். தொட்டியில் மிஞ்சியதை வடித்துவிட்டு, அடிப்பகுதியில் காய்ந்த புல்லை மரக்கரண்டியால் சுரண்டுகிறேன். கராஜில் தண்ணீர் சூடாக்கும் பாய்லர் இருந்தால் அதற்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கதவு மூடிய கராஜுக்குள் கிளப்பிப் பார்ப்பதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

சரிவோ பெரிய வளவோ இல்லாதவருக்கு இந்த இயந்திரம் தேவையில்லை. வரிசை வீடுகளின் சின்ன முன்வளவுக்கு எடை குறைந்த பேட்டரி இயந்திரமே போதும். வாங்குகிறவர்கள் கடையில் மின்னும் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பெல்ட், கேபிள், சக்கரப் பல் ஆகியவை தனித்தனியாகக் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். ஹோண்டா போன்ற பெரிய பெயரே 2023இல் வட அமெரிக்கச் சந்தைக்கான பெட்ரோல் புல்வெட்டித் தயாரிப்பை நிறுத்திவிட்டது. நான் அடுத்து வாங்கினால் பின்சக்கர இயக்கத்தையே எடுப்பேன். இன்ஜினை அணைக்காமல் பிளேடை மட்டும் நிறுத்தும் கிளட்ச் உள்ள மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கவும் தயங்கமாட்டேன். பையைக் காலி செய்யவோ நடைபாதையைக் கடக்கவோ நேரும்போது, பிளேடு நின்றுவிடும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் கயிற்றை இழுக்க வேண்டியிராது.