எட்டு டிகிரியில் துருவ நட்சத்திரம்: குமரிக்கு எந்த மவுண்ட்?

நாகர்கோவிலில் நின்று வடக்கே பார்த்தால், துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே எட்டு டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த உயரம் முழுக்க மறைந்துவிடும். அதனால் தொலைநோக்கியைத் தாங்கி நிறுத்தும் மவுண்ட் வாங்கும்போது எழும் "ஈக்குவட்டோரியல் மவுண்டா, டாப்சோனியனா?" என்ற கேள்விக்கு டெல்லிக்காரருக்குச் சொல்லும் பதில் நமக்குப் பொருந்தாது.

ஈக்குவட்டோரியலின் ஒரு அச்சை பூமியின் அச்சுக்கு இணையாக வைத்துவிட்டால், ஒரே ஒரு மோட்டார் நட்சத்திரத்தைத் தொடர்ந்து போகும். அருமையான ஏற்பாடுதான். டெல்லியில் அந்த அச்சு 28 டிகிரிக்கு மேல் சாய்ந்து நிற்கும். இங்கே ஏறக்குறைய படுத்தே கிடக்கும். பல மவுண்டுகள் அவ்வளவு கீழே இறங்காது. இறங்கினாலும் தொலைநோக்கியின் பாரத்தைச் சமன்செய்யும் கவுண்டர்வெயிட் முக்காலியின் காலில் இடிக்கும். வடக்குப் பக்கக் காலைக் கொஞ்சம் குறைத்துச் சமாளிக்கலாம், ஆனால் பாரம் அந்தப் பக்கம் சரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க, அச்சுக்குள் இருக்கும் துருவக் குழாய் வழியாகப் பார்க்க மண்டியிட்டுக் குனிய வேண்டும். குனிந்தாலும் அங்கே மலை இருக்கும், இல்லையென்றால் மூட்டம். முப்பந்தல் பக்கம் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் வேறு. எட்டு டிகிரி உயரத்தில் ஒளி நம்மிடம் வர, தலைக்கு மேலே இருப்பதைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு காற்றைக் கடக்கிறது. ஏற்கெனவே சுமாரான பிரகாசமே உள்ள துருவ நட்சத்திரம் மங்கிய புள்ளியாகிவிடும்.

மேலும் கீழும், பக்கவாட்டிலும் கையாலேயே திருப்பும் எளிய மவுண்டான டாப்சோனியனுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. தரையில் வைத்துத் தள்ள வேண்டியதுதான். நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது, அரை டிகிரி பார்வைப் பரப்பை நட்சத்திரம் இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும் என்பதால் அடிக்கடி மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கணும். உச்சி வானத்தில் இது தடுமாறும். ஓரியனின் இடைப்பட்டை நமக்கு உச்சிக்கு அருகே போவதால் இந்தக் குறை நிஜமானது. ஆனால் கிழக்கிலும் மேற்கிலும் நட்சத்திரங்கள் இங்கே கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறி இறங்குகின்றன, அங்கெல்லாம் மேலும் கீழுமாக அசைத்தாலே போதும்.

கண்ணால் பார்க்க மட்டும் என்றால் என் ஓட்டு டாப்சோனியனுக்கே. முக்கியமான காரணம் கண். இருட்டுக்கு முழுமையாகப் பழக கண்ணுக்கு அரைமணி நேரமாவது ஆகும். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கம்புச் செல்களில் ரொடாப்சின் என்ற நிறமி அவ்வளவு மெதுவாகத்தான் மீண்டும் சேர்கிறது. மொபைல் செயலியைத் திறந்து துருவம் தேடும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கு திரும்பத் தொடங்குகிறது. டாப்சோனியன்காரர் அந்த அரைமணியை இருட்டிலேயே கழிக்கிறார்.

புகைப்படம் எடுக்கணுமா? அப்போது ஈக்குவட்டோரியல்தான். ஆனால் துருவ நட்சத்திரத்தை நம்பாமல், நகர்வைப் பார்த்துச் சரிசெய்யும் முறைக்குப் போங்கள். முதலில் காம்பஸ் வைத்து வடக்குப் பிடியுங்கள்; குமரியில் காந்த வடக்கு உண்மையான வடக்கிலிருந்து சுமார் இரண்டு டிகிரிக்குள்தான் விலகும். அப்புறம் உச்சிக்கோட்டருகே (வடக்கிலிருந்து தெற்காகத் தலைக்கு மேலே போகும் கோடு), வான நடுக்கோட்டை (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் வரும் கோடு) ஒட்டிய ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே தள்ளி இருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. அடுத்து கிழக்கு வானில் தாழ்ந்த ஒன்று: தெற்கே நழுவினால் அச்சு தாழ்வு, வடக்கே நழுவினால் உயரம். பொறுமை வேண்டும், ஆனால் மலை மறைத்தாலும் வேலை நடக்கும்.

டாப்சோனியனைப்போல மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைந்து, மோட்டாரால் தானே தேடிப்போகும் கம்ப்யூட்டர் மவுண்ட் நடுவழி. வானத்தின் சுழற்சியால் படம் திரும்பும் சிக்கல் அதற்கு உண்டு. நேர் கிழக்கிலும் மேற்கிலும் இங்கே அது மிகக் குறைவு. தெற்கே 34 டிகிரி உயரத்தில் படம் மணிக்கு 18 டிகிரி திரும்பும். குறுகிய எக்ஸ்போஷர் என்றால் பரவாயில்லை.

வெளிச்சத்துக்குச் சிவப்பு டார்ச் நல்லதுதான், மங்கலாக இருந்தால் மட்டும். பளிச்சென்ற சிவப்பைவிட, மொபைல் பார்க்கும்போது ஒரு கண்ணைத் துணியால் மூடுவது எனக்கு நம்பகமாகப்படுகிறது. இரண்டு கண்ணும் தனித்தனியாகத்தான் இருட்டுக்குப் பழகும். மங்கலான பொருளை நேராக உற்றுப் பார்க்காமல் சற்றே பக்கவாட்டில் பாருங்கள், பார்வையின் நடுமையத்தில் கம்புச் செல்களே கிடையாது.

இடம்? பேச்சிப்பாறை பக்கம் இருட்டு அதிகம், ஆனால் மலைகள் அடிவானத்தைத் தின்றுவிடும். தெற்கு வானம் வேண்டுமென்றால் முட்டம், சொத்தவிளை கடற்கரை. அங்கே தெற்கில் ஊர் விளக்கே இல்லை, கடல் மட்டும்தான். மே மாத நடுவில், இரவு பத்து மணிவாக்கில், ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கொத்து நேர் தெற்கே 34 டிகிரி உயரத்தில் நிற்கும். தென்மேற்குப் பருவமழை வருவதற்குள் பார்த்துவிடுங்கள். உப்புக்காற்று தொலைநோக்கிக் கண்ணாடியின் அலுமினியப் பூச்சைக் கெடுக்கும். பார்த்து முடித்ததும் மூடியைப் போட்டு, வீட்டுக்கு வந்து வெளிப்பாகங்களை மட்டும் துடையுங்கள், கண்ணாடியைத் தொடவே வேண்டாம்.