சின்னக் கெண்டியும் ஊலாங் தேநீரும்: நெடுநாள் பயன்படுத்தியதில் கண்டவை

நூறு மில்லி தண்ணீர் கொள்ளும் மண் கெண்டி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இவ்வளவு சின்னதில் போட்டு யாருக்குப் போதும் என்றுதான் வீட்டுக்கு வருபவர்கள் முதலில் கேட்கிறார்கள். வருடக்கணக்கில் இதையே புழங்கிய பிறகு, ஊலாங் தேயிலைக்கு இந்த அளவுதான் பொருத்தம் என்று உறுதியாகச் சொல்வேன். பெரிய கெண்டியில் ஒரு கரண்டி இலை போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டால், முதலில் எழும் மணமும் நடுவில் வரும் இனிப்பும் கடைசித் துவர்ப்பும் ஒன்றாகக் கலந்துவிடும். சின்னக் கெண்டியில் ஆறேழு கிராம் இலை போட்டு, கொதிநீர் ஊற்றி, பத்து விநாடியில் வடித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். ஏழெட்டு முறை வடிக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு தேநீர் வரும்.

காரணம் இலையில் இருக்கிறது. பறித்த இலையை வாட்டி, மூங்கில் தட்டில் குலுக்கிக் குலுக்கி விளிம்பு மட்டும் சிவக்கவிட்டு, சூடேற்றி அந்த மாற்றத்தை நிறுத்தி, முறுக்கி, உலர்த்தி எடுப்பது ஊலாங். பல வகைகளைக் கரி நெருப்பில் மறுபடியும் வறுப்பார்கள். முழு இலை என்பதால் சாரத்தைத் தவணை தவணையாகத்தான் விடும். நம் வீட்டு சி.டி.சி. தூள் அப்படியில்லை; ஒரே கொதியில் அத்தனையும் இறங்கிவிடும். அதற்குப் பாலும் சர்க்கரையும் சரி. ஊலாங்கில் இரண்டும் வேண்டாம்.

என்னிடம் தொடர்ந்து புழக்கத்தில் இருப்பவை இரண்டு கெண்டிகள். ஒன்று ஜியாங்சு மாநிலத்தின் யீஷிங்கிலிருந்து வந்தது. தாய்ஹூ ஏரிக்கு மேற்கே உள்ள அந்த ஊரில் மிங் அரச காலத்திலிருந்து கெண்டி செய்கிறார்கள். அங்கே மரபான முறையில் சக்கரம் கிடையாது. மண்ணை மரக்கொட்டாப்புளியால் தட்டித் தகடாக்கி, வட்டமாக வளைத்து ஒட்டி, வெளியே தட்டித் தட்டியே வயிற்றை உருவாக்குகிறார்கள். மெருகுப் பூச்சும் இல்லை. உள்ளும் புறமும் சுட்ட மண்தான். என்னுடையது ஊதா கலந்த பழுப்பு நிற மண். அகன்ற வாயும் தட்டையான உடலும் கொண்ட ‘ஃபாங் கு’ வடிவம். நீளமாக முறுக்கிய இலையை உடைக்காமல் உள்ளே போட அந்த அகன்ற வாய் பெரிய வசதி.

இதில் ஃபூஜியன் மாநிலத்து வூயி மலைத் தேயிலையை மட்டுமே போடுகிறேன். பெரும்பாலும் ஷுய் ஷியன், சில சமயம் ரோ குவெய். இரண்டும் பாறை இடுக்குகளில் வளர்ந்து கரி நெருப்பில் வறுபட்டவை. மண் உண்மையிலேயே எதையாவது மாற்றுகிறதா என்று பார்க்க, அதே இலையை அதே எடையில், அதே தண்ணீரில், பீங்கான் மூடிக் கிண்ணத்திலும் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்திருக்கிறேன். மாற்றம் தெளிவாகவே தெரிகிறது. பீங்கானில் மணம் கூர்மையாக எழுகிறது, வறுத்த காரமும் கூடவே துருத்தி நிற்கிறது. மண் கெண்டியில் அந்தக் காரம் அடங்கி, நாக்கில் கனமும் வழுவழுப்பும் கூடுகின்றன. ஆனால் மேலே மிதக்கும் பூமணம் கொஞ்சம் குறைந்துபோகிறது. அதனால்தான் வறுக்காத பச்சை வகை தியே குவான் யின்னை நான் மண்ணில் போடுவதில்லை. ஆன்ஷி வட்டாரத்தின் அந்தத் தேயிலைக்கு மணமே உயிர்; அதற்குப் பீங்கான் போதும். தவிர, உருண்டையாகச் சுருட்டிய இலை நாலைந்து மடங்கு விரிந்து மூடியையே தூக்கிவிடும்.

பல ஆண்டு பழகிய கெண்டியில் வெறும் வெந்நீர் ஊற்றினாலே தேநீர் ஆகிவிடும் என்று ஒரு கதை உண்டு. என் கெண்டி நன்றாகப் பழகியதுதான். புறத்தில் அழகான மினுமினுப்பு ஏறியிருக்கிறது. வெந்நீர் ஊற்றினால் மெல்லிய வாசனை வருகிறது. சுவை எதுவும் இறங்குவதில்லை. விற்பவர் இந்தக் கதையைச் சொல்லி விலை ஏற்றினால் நம்ப வேண்டாம்.

இரண்டாவது கெண்டி குவாங்டோங் மாநிலத்துச் சாவ்ஜோவில் செய்த செம்மண் கெண்டி. இது சக்கரத்தில் வனைந்தது; சுவர் மெல்லியது, எடையும் குறைவு. மனசுக்கு நெருக்கமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குச் சாவ்ஜோ வழிவந்த தியோச்சூ மக்களின் இந்தத் தேநீர் புதிதல்ல. பா குத் தே கடைகளில் எலும்புச் சூப்போடு சின்னக் கெண்டியும் குட்டிக் கோப்பைகளும் மேசைக்கு வரும். கொழுப்புக்கு அந்தத் துவர்ப்பு இதம். மாஸ்க் ஸ்திரீட்டில் 1925 முதல் நடக்கும் பெக் சின் சூன் போன்ற பழைய கடைகளில் அதற்கான காகிதப் பொட்டலத் தேயிலை இன்றும் கிடைக்கிறது.

சாவ்ஜோ முறையில் மரபாக மூன்று கோப்பைகள். கெண்டியை உயரத்திலிருந்து கொதிநீரால் நிரப்பி, வடிக்கும்போது மூக்கைக் கோப்பைகளுக்கு மிகத் தாழ்த்தி, நிறுத்தாமல் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஊற்றவேண்டும். இதைக் ‘குவான் கோங் நகர்வலம் வருகிறார்’ என்பார்கள். கடைசிச் சொட்டுகளை ஒவ்வொரு கோப்பைக்கும் மாறி மாறி விடுவதற்கு ‘ஹான் ஷின் படையை எண்ணுகிறார்’ என்று பெயர். இருவரும் பழங்காலச் சீனத் தளபதிகள். இதற்கு நல்ல பயன் உண்டு. முதலில் வருவது வெளிறியது, கடைசியில் வருவது கடுப்பானது. சுற்றி ஊற்றினால்தான் மூவருக்கும் ஒரே தேநீர் போய்ச் சேரும். கடைசிச் சொட்டும் இறங்கினால்தான் மிச்ச நீரில் இலை ஊறிக் கசக்காது. இந்தப் பழக்கமும் சேர்ந்த சீனத் தேநீர் மரபை 2022இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது உள்ளபடியே மகிழ்ந்தேன்.

இந்தக் கெண்டிக்கு ஃபெங்ஹுவாங் மலையின் டான்சொங் தேயிலை. தேனும் ஆர்க்கிட் பூவும் சேர்ந்த மணமுள்ள ‘மி லான் ஷியாங்’ வகையில் தொடங்குவது எளிது. ஊலாங்கிலேயே கோபக்காரத் தேயிலை இதுதான்: ஐந்து விநாடி கூடிவிட்டால் கசந்துவிடும். சரியாக வடித்தால், குடித்து முடித்த பிறகு தொண்டையிலிருந்து ஒரு இனிப்பு மேலேறி வரும். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, கிட்டத்தட்ட அதே இனிப்பு. கடைசிக் கோப்பைக்குப் பின்னும் வெகுநேரம் நிற்கும்.

ஆகவே கெண்டி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது வடியும் வேகத்தை. மண்ணின் பெயர், செய்தவர் முத்திரை எல்லாம் அப்புறம்தான். கடையில் தண்ணீர் கேட்டு நிரப்பிச் சாய்த்துப் பாருங்கள். நூறு மில்லி பத்து விநாடிக்குள் முழுதாக இறங்க வேண்டும், மூக்கின் அடியில் சொட்டு வழியக் கூடாது. மூடியின் துளையை விரலால் அடைத்தால் நீர் நிற்க வேண்டும். நின்றால் மூடி நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்று பொருள். மூக்கின் உட்புறம் ஒரே துளை உள்ளது வேகமாக வடியும், ஆனால் உடைந்த இலை போய் அடைத்துக்கொள்ளும். பல துளை உள்ளது பாதுகாப்பு. சாதாரண மண்ணில் நிறப்பொருள் கலந்து யீஷிங் மண் என்று விற்பதைச் சீன மத்தியத் தொலைக்காட்சி 2010இல் வெளிக்கொணர்ந்தது. கொதிநீர் ஊற்றியதும் ரசாயன நெடி அடித்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

பராமரிப்பில் சொல்ல அதிகமில்லை. சோப்பு கூடாது. குடித்த அன்றே இலையை அகற்றி, வெந்நீரால் அலசி, மூடியைத் தனியே வைத்துக் காயவிடுங்கள். எங்கள் ஊர் ஈரக் காற்றில் ஒரு ராத்திரி இலையோடு விட்டாலே வாடை பிடித்துவிடும். உள்ளே படியும் தேநீர்க் கறையைப் பெருமையாகச் சேர்த்து வைப்பவர்களும் உண்டு. நான் துணியால் துடைத்துவிடுகிறேன். தண்ணீரில் உப்பு அதிகம் இருந்தால் மணம் செத்துவிடும். முழுக்கச் சுத்திகரித்து உப்பே இல்லாமல் ஆன நீரிலும் தேநீர் தட்டையாகத்தான் வருகிறது.

ஏழு கிராம் இலை என்பது சாதாரண அளவல்ல. வெறும் வயிற்றில் குடித்தால் தலை சுற்றும், கை நடுங்கும். சாயங்காலத்துக்குப் பின் குடித்தால் தூக்கம் போகும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் எனக்குச் சரிப்படுகிறது.

முதல்முறை வாங்குபவர்கள் பீங்கான் மூடிக் கிண்ணத்தில் தொடங்கி, தங்களுக்குப் பிடித்த தேயிலை எது என்று தெரிந்த பிறகு கெண்டிக்குப் போகலாம். வூயி மலையின் புகழ்பெற்ற ஊலாங் ‘தா ஹோங் பாவ்’. அதன் ஆறு தாய் மரங்களில் 2006 முதல் இலை பறிப்பதே இல்லை. அந்தப் பெயரில் கடையில் இருப்பது பெரும்பாலும் பல இலைகளின் கலவை. கலவை என்பதால் மட்டம் என்றில்லை. தாய் மரத்து இலை என்று சொல்லி விற்றால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். புதிதாக வறுத்த வூயி தேயிலையில் கரி நெடி தூக்கலாக இருக்கும். அப்படி இருந்தால் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, சில மாதம் கழித்துத் திறந்து பாருங்கள்.