டார்க் ஷேடோஸ்: 1795-க்குப் போய்வரும் கதை

1966 ஜூன் முதல் 1971 ஏப்ரல் வரை அமெரிக்காவின் ஏபிசி சேனலில் பகல் நேரத்தில் ஓடிய தொடர் ‘டார்க் ஷேடோஸ்’. டான் கர்ட்டிஸ் உருவாக்கியது. மொத்தம் 1,225 எபிசோடுகள். மெயின் மாநிலக் கடலோரத்தில் காலின்ஸ்போர்ட் என்றொரு கற்பனை ஊர், அங்கே காலின்வுட் மாளிகை, அதில் ரகசியங்களோடு ஒரு பணக்காரக் குடும்பம். பல வருடங்களாக டிவிடியில் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். என்னை விடாமல் பிடித்திருப்பது 1795 பகுதிதான். கதை தெரியாமல் பார்க்க விரும்புபவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

1967 ஏப்ரலில் வில்லி லூமிஸ் என்பவன் நகைக்கு ஆசைப்பட்டு, குடும்பக் கல்லறையில் சங்கிலியால் கட்டியிருந்த சவப்பெட்டியைத் திறக்கிறான். உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு அவன் கழுத்தைப் பிடிக்கிறது. அப்புறம் மாளிகைக்கு ஒரு விருந்தாளி வருகிறான். பெயர் பர்னபாஸ் காலின்ஸ். இங்கிலாந்திலிருந்து வந்த உறவினன் என்கிறான். ஹாலில் தொங்கும் முன்னோர் படத்தில் அதே முகம். இவன் ரத்தக்காட்டேரி என்பது நமக்குத் தெரியும், வீட்டாருக்குத் தெரியாது. ஜோனதன் ஃபிரிட் அவனுக்குக் கொடுத்த மரியாதையான, களைத்துப்போன குரல்தான் அந்தப் பாத்திரத்தின் உயிர்.

அதே ஆண்டு நவம்பரில், ஆவியை அழைக்கும் ஒரு கூட்டத்தில் மாளிகையின் வீட்டு ஆசிரியை விக்டோரியா திடீரென்று மறைந்து 1795-க்குப் போய்விடுகிறாள். நமக்குப் பழகிய நடிகர்களே அங்கே முன்னோர்களாக நிற்கிறார்கள். 1967-இல் பர்னபாஸ் கடத்தி வைத்துச் சித்திரவதை செய்த மேகியாக நடித்த கேத்ரின் லீ ஸ்காட்தான் இங்கே அவன் உயிரையே வைத்திருந்த ஜோசெட். அந்தக் கொடுமை ஏன் நடந்தது என்பது இத்தனை மாதம் கழித்துத்தான் நமக்கு முழுசாக விளங்குகிறது.

பணிப்பெண் ஏஞ்சலிக் ஒரு சூனியக்காரி. பர்னபாஸ் தன்னை ஒதுக்கியதால் ஜோசெட்டை அவனுடைய சித்தப்பா ஜெரமையா மேல் மயங்க வைக்கிறாள். இருவரும் ஓடிப்போய்த் திருமணம் செய்கிறார்கள். பர்னபாஸோடு நடக்கும் துப்பாக்கிச் சண்டையில் ஜெரமையா வேண்டுமென்றே குறி தவற விட்டு, குண்டடி பட்டுச் சாகிறார். கடைசியில் பர்னபாஸ் சுட்டு வீழ்த்தும்போது ஏஞ்சலிக் போட்ட சாபம்தான் அவனை ரத்தக்காட்டேரி ஆக்குகிறது. லாரா பார்க்கர் இவளை வெறும் கெட்டவளாக நடிக்கவில்லை. ஆசையும் அவமானமும் அந்தப் பெரிய கண்களில் அப்படியே தெரியும்.

ஆனால் எனக்கு இந்தக் கதையின் நடுநாயகம் பர்னபாஸின் அப்பா ஜோஷுவாதான். லூயிஸ் எட்மண்ட்ஸ் நடிப்பு அபாரம். மகன் செத்ததும் துக்கத்தைவிடக் குடும்பப் பெயர் முக்கியம் என்று, ‘பர்னபாஸ் இங்கிலாந்துக்குப் போய்விட்டான்’ எனக் கதை கட்டுகிறார். 1967-இல் மகன் வாசலில் வந்து சொல்லும் பொய் அப்பா விட்டுப்போன பொய்யின் மேல்தான் நிற்கிறது! குட்டித் தங்கை சாரா, வாயில் ரத்தத்தோடு நிற்கும் அண்ணனைக் கண்டு பயந்தோடி, குளிரில் நோய்ப்பட்டு இறக்கிறாள். உண்மை தெரிந்த அம்மா நவோமி விஷம் குடிக்கிறாள். மகனே தன்னைக் கொன்றுவிடும்படி கேட்டும் ஜோஷுவாவால் முடியவில்லை. சவப்பெட்டிக்குச் சங்கிலி போடச் சொல்கிறார். வில்லி உடைத்தானே, அதே சங்கிலி.

இதைத் தெரிந்துகொண்டு பழைய எபிசோடுகளுக்குத் திரும்பினால் அவை வேறு மாதிரி இருக்கின்றன. பர்னபாஸ் அடைத்து வைத்திருக்கும் மேகிக்குத் தப்ப வழி காட்டும் சிறுமிப் பேய் சாராதான். அண்ணனிடமிருந்து ஒருத்தியைக் காப்பாற்ற வந்த தங்கை என்று புரிந்தபின் அந்தக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

குறைகள் உண்டு. நிறுத்தித் திரும்ப எடுக்க நேரமும் பணமும் இல்லாத தயாரிப்பு. மைக் நிழல் சுவரில் விழும், நடிகர்கள் வசனம் மறந்து தடுமாறுவார்கள். சூனியக்காரி என்று விக்டோரியாவைக் குற்றம்சாட்டும் பாதிரியார் டிராஸ்க்கின் விசாரணை ரொம்ப இழுக்கிறது. ஒவ்வொரு எபிசோடும் முந்தையதன் கடைசிக் காட்சியிலிருந்து தொடங்குவதால் ஒரே மூச்சில் பார்த்தால் அலுக்கும். ராத்திரிக்கு இரண்டு போதும், மூன்று அதிகம்.

1795 கதை 366-ஆம் எபிசோடில் தொடங்குகிறது. நேராக அங்கே போகாதீர்கள். வில்லி சவப்பெட்டியைத் திறக்கும் 210-இலிருந்து வாருங்கள். நடுவில் மெதுவாகத்தான் போகும், பரவாயில்லை. அந்த வீட்டு மனிதர்கள் பழகியிருந்தால்தான் ஜோஷுவாவின் முகம் உங்களுக்கு எதையாவது சொல்லும்.