ஆறு ஆண்டு ஏ/பி சோதனை: ஒரு சுங்குடிக் கடையின் அனுபவம்

சின்னாளபட்டியில் எங்கள் குடும்பம் சுங்குடிச் சேலை விற்கிறது. 2019-இல் இணையக் கடை தொடங்கியபோது, நாளொன்றுக்கு 400 பேர் வந்து பார்த்தார்கள். நூற்றுக்கு இரண்டு பேர் வாங்கினார்கள். மற்றவர்கள் ஏன் போய்விடுகிறார்கள் என்ற கேள்விதான் என்னை ஏ/பி சோதனைக்கு இழுத்து வந்தது. ஒரே பக்கத்தை இரண்டு விதமாக அமைத்து, வருகிறவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் காட்டி, எதில் ஆர்டர் கூடுகிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் அது.

முதலில் எடுத்துக்கொண்டது இத்தகைய சோதனைக்காகக் கூகுள் தந்த கூகுள் ஆப்டிமைஸ் என்ற கருவி. இலவசப் பதிப்பிலேயே ஒரே நேரத்தில் ஐந்து சோதனைகள் ஓட்ட முடிந்தது, நிரல் எழுதத் தெரிய வேண்டியிருக்கவில்லை. 'வாங்கு' பட்டனைப் பச்சையிலிருந்து அரக்குச் சிவப்பாக மாற்றிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் சிவப்புக்கு 25 ஆர்டர், பச்சைக்கு 15. சிவப்பே சிறந்ததாக இருக்க 94% வாய்ப்பு என்றது அறிக்கை. குறைந்தது இரண்டு வாரம் ஓடவிட வேண்டும் என்ற அறிவுரையைப் படித்திருந்தும், அன்றே சோதனையை நிறுத்திக் கடை முழுவதும் சிவப்பாக்கினேன். அடுத்த மாதக் கணக்கில் ஆர்டர் அப்படியே இருந்தது.

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2% வாங்கும் விகிதம் 2.4% ஆகிறதா என்பதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, ஒவ்வொரு பக்கத்தையும் ஏறத்தாழ 21,000 பேர் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 42,000. எங்கள் கடைக்கு அது மூன்றரை மாதம். பிங் தேடுபொறியில் 2012-இல் விளம்பரத் தலைப்பைக் காட்டும் விதத்தில் செய்த ஒரு சிறு மாற்றம் வருமானத்தை 12% உயர்த்தியதை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அங்கே வருகிற கூட்டத்துக்கு அது சில நாளில் தெரிந்துவிடும். நமக்குத் தெரியாது. ஆனால் 2% என்பதை 3% ஆக்கும் மாற்றம் என்றால் பக்கத்துக்கு நாலாயிரம் பேருக்குள் தெரிந்துவிடும். சிறிய கடைக்காரர்கள் பட்டன் நிறத்தை விட்டுவிட்டு, வாங்குகிறவரின் பெரிய சந்தேகத்தைத் தேடிப் போக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அந்தச் சந்தேகத்தை எங்களுக்குக் காட்டியது மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி. பார்க்கிறவர் திரையில் எங்கே தொடுகிறார், எங்கே நின்று நகர்கிறார் என்பதை இது பதிவு செய்து காட்டுகிறது. நிரப்பும் விவரங்களை மறைத்துவிடுகிறது. இதுவும் இலவசம். தங்கையும் நானும் இரவில் கடையை மூடிய பிறகு இருபது முப்பது பதிவுகள் பார்ப்போம். ஒரு பதிவில், மாம்பழ மஞ்சள் சேலைப் படத்தை ஒருவர் விரல்களால் பெரிதாக்கி, ஒரு புள்ளியில் நிறுத்தினார். படம் மங்கியது. அடுத்த படத்துக்குப் போய் அதே மாதிரி பெரிதாக்கினார். மீண்டும் மங்கியது. வெளியேறிவிட்டார். "அக்கா, அவர் முடிச்சைத் தேடுகிறார்" என்றாள் தங்கை. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடியில், நூலைப் பிரித்த பிறகும் ஒவ்வொரு புள்ளியும் சிறிய மொட்டுப் போல் மேலெழுந்து நிற்கும். அச்சு வைத்ததில் அது இருக்காது. நேரில் வருகிறவர்கள் விரலால் தடவிப் பார்ப்பது இதைத்தான்.

மறுநாளே சாய்வான காலை வெளிச்சத்தில் புள்ளிகளை மிக அருகில் படம் எடுத்து, அதை இரண்டாவது படமாக வைத்துச் சோதித்தோம். கூடவே, முதல் சலவைக்குக் கல்லுப்பு போட்ட தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லும் வரியை விலைக்குக் கீழே சேர்த்தோம். இரண்டையும் ஒன்றாகச் சோதித்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாதத்தில் வாங்கும் விகிதம் 3 சதவீதத்தைத் தாண்டியது, இன்றுவரை இறங்கவில்லை.

ஆர்டர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கேஷ் ஆன் டெலிவரியை மேலேயும் யுபிஐயைக் கீழேயும் வைத்த சோதனையில் ஆர்டர் கூடியது. மூன்று வாரம் கழித்து, வாங்க ஆளில்லாமல் திரும்பிய பார்சல்கள் திண்ணையில் குவிந்தன. போகவும் வரவும் கூரியர் செலவு எங்கள் தலையில் விழுந்தது. அதன்பிறகு எந்தச் சோதனையிலும் பொருள் கைக்குப் போய்ச் சேர்ந்த ஆர்டரைத்தான் கணக்கில் எடுக்கிறேன்.

ஆப்டிமைஸ் 2023 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. பின்னர் சந்தா கட்டி வாங்கிய ஒரு கருவியில், பழைய பக்கம் ஒரு கணம் தோன்றிப் பிறகு புதிய பக்கமாக மாறியது. விலை குறைந்த போன்களில் இது நன்றாகவே கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும்படி வைத்து ஓட்டிப் பார்த்தபோதும், இடையில் சில நாள்கள் ஒரு பக்கம் 'வெற்றி' என்றது. சந்தா கட்டுவதற்கு முன் இந்த ஒரே பக்கச் சோதனையை இலவசக் காலத்திலேயே செய்துவிடுங்கள். சந்தையில் எது நல்லது என்று கேட்கிறவர்களுக்கு, நாளொன்றுக்கு ஆயிரம் பேர்கூட வராத கடை என்றால், முதலில் கிளாரிட்டி பதிவுகளைப் பாருங்கள் என்பேன்.

இப்போது ஓடுவது, ரவிக்கைத் துணி உண்டா என்பதைச் சேலையின் பெயரிலேயே எழுதும் சோதனை. தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த பிறகு தொடங்கினோம். அறிக்கையின் கடவுச்சொல் தங்கையிடம் இருக்கிறது. கணக்குப் போட்ட எண்ணிக்கை தையில் நிறையும், அன்று சேர்ந்து திறப்போம்.