ட்ரான்ஸ்போஸ் பட்டன்ல பிளாஸ்திரி ஒட்டி மூணு வருஷம்: ஒரு கோயில் கீபோர்டுக்காரனோட அனுபவம்

முதல்லயே சொல்லிடுறேன், நான் மியூசிக் காலேஜ் எல்லாம் போனவன் இல்ல. தேவகோட்டை பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயில்ல பதினோரு வருஷமா ஞாயித்துக்கிழமை பூசைக்கு வாசிக்கிறேன், மத்த நாள் காரைக்குடில கணக்கெழுதுற வேலை. பைப் ஆர்கன யூட்யூப்ல பார்த்ததோட சரி, நம்மகிட்ட இருக்கறது 61 கீ உள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் கீபோர்டு. வாங்கி ஆறே மாசத்துல ரெண்டு கீ சத்தம் வரல, வித்தவருக்கு போன் பண்ணா எடுக்கவே இல்ல, கழட்டிப் பார்த்தா உள்ள கார்பன் ரப்பர்ல செம்மண் புழுதி அப்பிக் கெடக்கு. தொடைச்சுப் போட்டேன், இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

அந்தப் பதினோரு வருஷத்துல மொத எட்டு வருஷம் நான் வாசிச்சது ஒரே ஸ்கேல். சி மேஜர். பாடகர் குழு மாஸ்டர் "ரெண்டரை கட்டைக்கு வைப்பா"ன்னு சுதி சொன்னா ட்ரான்ஸ்போஸ் பட்டன, அதாவது கை மாறாமலே சுதிய ஏத்தி இறக்குற பட்டன, மூணு தடவ அமுக்குவேன், கை அதே சி-லதான். எனக்குத் தெரிஞ்ச கோயில் வாசிப்புக்காரங்கள்ல முக்காவாசிப் பேர் இப்படித்தான், யாரும் வெளில சொல்ல மாட்டாங்க.

மாட்டுனது பாஸ்கா ராத்திரில, அதான் ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி. பெரிய வியாழன் பூசைல "உன்னதங்களிலே" பாட்டு முடிஞ்சா அப்புறம் பாஸ்கா ராத்திரில அதே பாட்டு வர்ற வரைக்கும் பாட்டுக்குத் துணையா மட்டும் வாசிக்கலாம்னுதான் சட்டம், எங்க கோயில்ல அந்தத் துணையும் கிடையாது, கீபோர்டு மேல துணியப் போத்தி மூடிருவோம். சாயங்காலம் ரிகர்சல்ல ஒரு அக்காவுக்காக பிளஸ் 3 வச்சேன், அப்படியே துணியப் போத்திட்டு ஆஃப் பண்ண மறந்துட்டேன், ஆஃப் பண்ணிருந்தா தானா ஜீரோவுக்கு வந்திருக்கும். ஃபாதர் உன்னதங்களிலே ஆரம்பிச்சாரு, லைட்டு எல்லாம் எரியுது, மணி அடிக்குது, நான் துணிய உருவிட்டு ரெண்டு கையாலயும் அமுக்குறேன், ஒண்ணரை கட்டை மேல போய் நிக்குது! ரெண்டாவது வரிலயே பாதிப்பேர் வாய மூடிட்டாங்க, ஆம்பளைங்க பக்கம் ஒரு பெரியவர் மட்டும் கீச்சுக் கீச்சுன்னு விடாம பாடுனாரு, அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு.

அடுத்த நாளே அந்தப் பட்டன் மேல பிளாஸ்திரி ஒட்டினேன்.

வழி சிம்பிள்தான், மூணு கார்டுல (chord, சேர்த்து அமுக்குற சுரக்கூட்டு) முடியிற ஒரு பாட்டு, ஒரு மாசம் பூரா ஒரே ஸ்கேல். ஜி, எஃப், டி மூணும் சீக்கிரம் வந்துருச்சு. இ ஃப்ளாட், அதான் நம்ம ரெண்டரை கட்டை, நாக்கு தள்ளிருச்சு. கார்டு பேர மனப்பாடம் பண்றத விட்டுட்டு ஸ்கேல்ல எத்தனாவது சுரத்துல நிக்குதுன்னு ஒண்ணு, நாலு, அஞ்சுன்னு எண்ண ஆரம்பிச்ச பிறகுதான் பிடி கிடைச்சது. ஆறு மாசம் வாசிப்பு முன்னைவிட மோசமாத்தான் இருந்துச்சு, ஃபாதரே "உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டாரு.

ரெண்டாவதா விட்டது சஸ்டெயின் பெடல், கைய எடுத்த பிறகும் சத்தத்த நீட்டுற கால்மிதி. அத மிதிச்சே பழகுன காலு எனக்கு. ஆர்கன்ல விரல எடுத்தா சத்தம் போச்சு, அதனால ஒரு கீய அமுக்கினபடியே நாலாவது விரல அஞ்சாவதா மாத்தணும், அப்பதான் அடுத்த நோட்டுக்கு விட்டுப் போகாம போலாம். இதுக்கு மட்டும் ஒரு வருஷம். கூடவே டச் சென்சிடிவிட்டியையும், அதான் ஓங்கி அடிச்சா சத்தம் கூடுறத, ஆஃப் பண்ணிட்டேன், ஆர்கன்ல எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் ஒரே சத்தம்தானே.

பிராக்டிஸ் வீட்டுல, அதாவது ஒரு பழைய செட்டியார் வீட்டுல ரெண்டாங்கட்டு வாடகைக்கு இருக்கோம். ஆத்தங்குடிக் கல்லு, உயரமான கூரை, ஒரு நோட்டு அடிச்சா வளவு பூரா சுத்திட்டு வரும். விரல லேட்டா எடுத்தா கார்டு ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கூழாயிடும், அந்த வீடுதான் எனக்கு டீச்சர். வீட்டுக்கார ஆச்சிக்கு டிக் டிக்னு தாளம் தட்டுற மெட்ரோனோம்தான் ஆகாது. "ஏந் தம்பி, அந்தப் பல்லிய அடிச்சுத் தொரத்தக் கூடாதா"ம்பாக. ஹெட்போன் வாங்கினேன்.

கிராண்ட்ஆர்க்னு ஒரு ஃப்ரீ சாப்ட்வேர், நெஜ ஆர்கன்கள ரெக்கார்ட் பண்ணி வச்ச சத்தம் அதுல ஓடும். என் 4 ஜிபி லேப்டாப் பெரிய சாம்பிள் செட்ட லோட் பண்ணவே மாட்டேன்னுருச்சு, சின்னதுதான் ஓடுச்சு, அதுவும் சத்தம் லேட்டாகாம பாத்துக்கிற ஏசியோ டிரைவர் போடுற வரைக்கும் அமுக்கின பிறகு யோசிச்சுட்டு வர்ற மாதிரி சத்தம் வரும். கோயிலுக்குக் கொண்டு போற சாமான் இல்ல. ஆனா ஆர்கன்ல ஒவ்வொரு குழாய் வரிசையையும் திறக்குற ஸ்டாப்புல, 8 அடி ஸ்டாப் எழுதின சுதி, 4 அடி ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேல, 16 அடி ஒரு ஆக்டேவ் கீழன்னு அதுலதான் காதால படிச்சேன். இப்ப ஜனங்க பாட்டு இழுத்தா வால்யூம கூட்டுறதில்ல, மேல் ஆக்டேவ சேர்க்கிறேன், அதுவே இழுத்துட்டுப் போயிடுது.

போனை கடைசி பெஞ்சுல வச்சு ரெக்கார்ட் பண்ணுங்க, இத ஒண்ணையாவது செஞ்சு பாருங்க. சத்தம் செகண்டுக்கு சுமார் 340 மீட்டர் போகும். 30 மீட்டர் நீளக் கோயில்ல நம்ம நோட்டு பின்னாடி போயி அவங்க குரல் நமக்குத் திரும்பி வர கிட்டத்தட்ட 0.18 செகண்ட். அவங்க லேட்டா பாடுறாங்கன்னு நாம காத்திருந்தா அவங்க நமக்காகக் காத்திருப்பாங்க, கடைசி சரணம் தேர் நகர்ற மாதிரி ஆயிடும். எட்டு வருஷம் ஜனங்களத் திட்டிட்டு இருந்தேன், இழுத்தது நான்தான்.

லண்டன் டிரினிட்டி காலேஜோட மியூசிக் கிரேடு பரீட்சைய வீடியோ அனுப்பி எழுதலாம், ஆனா மொத்தமும் ஒரே டேக்ல இருக்கணும். நாலு தடவ கரண்ட் போச்சு, அஞ்சாவது தடவ ஆச்சி வீட்டு மிக்ஸி. இன்னும் அனுப்பல.

போன மாசம் ஒரு கல்யாணத்துல பொண்ணோட சித்தி பாடுனாங்க, நாலரை கட்டை, எஃப் ஷார்ப், அதுவும் அஞ்சு நிமிஷம் முன்னாடி சொல்றாங்க. பிளாஸ்திரிய நகத்தால நெம்பிட்டேன். திரும்ப ஒட்டப் பார்த்தா பசை போச்சு, புதுசு வாங்கணும்.